ஆறு தட்டும் ஒரு தலையும்

உண்மையை எழுதியதற்காகத் தண்டனை வாங்கியவள் எங்கள் பள்ளத்தாக்கில் ஆர்வெட்டா ஸ்லோன் ஒருத்திதான். மற்றவர்கள் பொய் எழுதி மாட்டினார்கள், இல்லையென்றால் பொய் எழுதியும் மாட்டாமல் தப்பினார்கள். இவளோ, வருமானம் குறைந்தவர்களுக்கு இலவச வைத்தியத்துக்காக அரசாங்கம் தரும் மெடிக்கல் கார்டுக்கு விண்ணப்பம் எழுத உட்கார்ந்த அன்று, பேனாவைத் தொடுவதற்கு முன்னால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தாள். அவ்வளவு சுத்தமாக ஒரு தப்பைச் செய்தாள்.

அவளுக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. பள்ளத்தாக்கின் வாயில் இருக்கும் பெட்ரோல் பங்கின் சமையலறையில் காலை வேலை. நிலக்கரி லாரிக்காரர்களும் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர்களும் அவள் சுடும் ரொட்டிக்காகவே வந்து, வந்ததற்கு ஒரு சாக்காக டீசலும் போட்டுக்கொண்டு போவார்கள். கணவன் எல்பர்ட் இறந்துபோய்ப் பதினோரு வருஷம் ஆகிவிட்டது. பிள்ளை இல்லை. அப்பா கட்டிய வீட்டில் தம்பி டென்சில், அவன் மனைவி ரீபா, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள் ஆகியோரோடு இருந்தாள். சர்க்கரை வியாதி அம்மா வழிச் சொத்து. "நிலம் தம்பிக்குப் போச்சு, சர்க்கரை எனக்கு வந்துச்சு, பாகப்பிரிவினையில ஒரு சண்டையும் இல்ல" என்று சொல்லிச் சிரிப்பாள்.

ஆகஸ்டில் ஒருநாள் காலை, லாரிக்காரர் ஒருவருக்குக் குழம்பு ஊற்றும்போது தட்டில் ஒரு கறுப்பு முடி தெரிந்தது. வெட்கமாகப் போயிற்று. வேறு தட்டு எடுத்தாள், அதிலும் முடி. மூன்றாவது தட்டிலும் அதே முடி. சுவரைப் பார்த்தால் சுவரில் ஓடியது. கண்ணை மூடினால் இல்லை. மதியமே நகரத்துக் கண் டாக்டரிடம் போனாள். கண்ணுக்குள், பின் பக்கத்தில், இரத்தம் கசிகிறது என்றார் அவர். லெக்சிங்டன் பெரிய ஆஸ்பத்திரியில் மாதாமாதம் கண்ணில் ஊசி போட வேண்டும், சீக்கிரம் தொடங்க வேண்டும், தள்ளிப்போட்டால் பார்வை போய்விடும், போனது திரும்பாது என்றார். ஊசியின் விலையையும் சொன்னார். ஒரு ஊசிக்கு அவள் மூன்று மாதம் ரொட்டி சுட வேண்டும்.

"இன்ஷூரன்ஸ் இருக்கா?" என்று கேட்டார்.

"வாங்கிட்டு வர்றேன்" என்றாள், கடைக்குப் போய்ப் பால் வாங்கி வருகிறவள் மாதிரி.

பயம் இல்லாமல் இல்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, நேராக மருத்துவ உதவி நிலையத்துக்குப் போய் மெடிக்கல் கார்டு விண்ணப்பப் படிவத்தை வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தாள்.

படிவத்தில் ஒரு கேள்வி: உங்கள் குடும்பத்தில் யார் யார்? இதை எங்கள் ஊர்க்காரர்களிடம் கேட்கக் கூடாது. கேட்டால் சாப்பாட்டு மேசையைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். யாருக்குத் தட்டு போடுகிறோமோ அவன் வீட்டு ஆள். ஓடைக்கு அந்தப் பக்கம் கேம்ப்பர் என்ற வீட்டு வண்டியில் தனியாக இருக்கும் கிழட்டு பிரம்மச்சாரி ஹோபார்ட், எல்பர்ட்டை அடக்கம் செய்த அன்று சாப்பிட வந்தவர். அதற்குப் பிறகு ஒருநாளும் சாயங்காலச் சாப்பாட்டுக்கு வராமல் இருந்ததில்லை. தட்டு போட்ட ஆளைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது இங்கே கொலைக்கு அடுத்த குற்றம். ஆர்வெட்டா ஆறு பேர் என்று எழுதினாள். அப்புறம் வருமானம். அதற்கும் கூச்சப்படாமல் ஒவ்வொருவரையும் கேட்டாள்.

"டேய், உன் சம்பளம் எவ்வளவுடா?"

டென்சில் ரயில்வேயில் தண்டவாள வேலை பார்க்கிறவன். நல்ல சம்பளம். அக்காவைத் தான்தான் வைத்துக் காப்பாற்றுகிறேன் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தவன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான், ஓவர்டைமையும் சேர்த்து.

"ரீபா, உனக்கு?"

"எழுதிக்கோங்க அண்ணி" என்று அவளும் தன் சம்பளத்தைச் சொன்னாள். ஹோபார்ட் தன் சுரங்கப் பென்ஷனைச் சில்லறை வரைக்கும் சொன்னார். ஆர்வெட்டா எல்லாவற்றையும் கூட்டி, மறுபடி கூட்டிச் சரிபார்த்து, அழகான கையெழுத்தில் எழுதி அனுப்பினாள்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. உங்கள் குடும்ப வருமானம் வரம்புக்கு மேல் இருக்கிறது, நீங்கள் தகுதி பெறவில்லை. அதற்குள் அந்த ஒற்றை முடி நாலைந்து முடியாகியிருந்தது. வலது கண்ணின் ஓரத்தில் புகை படிந்த மாதிரி ஒரு திட்டும் சேர்ந்திருந்தது. கடிதத்தை அவள் இடது கண்ணால் படித்தாள்.

அன்று சாயங்காலம் பீன்ஸும் சோள ரொட்டியும். ஹோபார்ட் சாப்பிட்டு முடித்து வாயைத் துடைத்துக்கொண்டு யோசனை சொன்னார்.

"ஏம்மா, இதுக்குப் போய்க் கவலைப்படுறியே. என் கேம்ப்பர்ல பாதி காலியாத்தான கிடக்கு. உன் கட்டிலத் தூக்கி அங்க போட்டுடு. தனியா இருக்கேன்னு எழுதிடு. மேல ஓடைப் பக்கம் பாதிப் பேரு அப்படித்தான கார்டு வச்சிருக்கான்?"

"பாதிப் பேரா?"

"சரி, மூணு பேரு."

"ராத்திரி எங்க படுப்பேன்?"

"இங்கதான். ஆபீஸ்காரன் வந்து பாக்கவா போறான்?"

"அப்போ கட்டில் மட்டும் உங்ககூடக் குடித்தனம் பண்ணணும்ங்கிறீங்க."

பிள்ளைகள் சிரித்ததில் ஹோபார்ட்டின் காது சிவந்துவிட்டது. ஆர்வெட்டாவும் சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "நான் பொறந்த வீட்டுலதான் தூங்குறேன். அதை மறைச்சு ஒரு கார்டு வாங்கினா, அந்தக் கார்டை எடுக்கிற ஒவ்வொரு தடவையும் எவன் வந்து பிடிப்பானோன்னு திரும்பித் திரும்பிப் பாக்கணும். இருக்கிற அரைக் கண்ணை வச்சு அதையும் பாத்துட்டிருக்க முடியாது. கார்டு வேணும். நேர் வழியிலதான் வேணும். எங்கயோ ஒரு வழி இருக்கும், அதைக் கண்டுபிடிக்கிறேன்."

கண்டுபிடிக்கிறேன் என்றால் கண்டுபிடிப்பாள். எல்பர்ட் தொலைத்த கல்யாண மோதிரத்தைக் கழிவுத் தொட்டியில் இறங்கி எடுத்தவள் அவள்.

வியாழக்கிழமைதோறும் ஊர் நூலகத்தில், குழந்தைகள் புத்தக அலமாரிக்குப் பக்கத்தில், நெல்டா ஃப்யூகேட் என்று ஒரு பெண் மேசை போட்டு உட்கார்ந்திருப்பாள். மெடிக்கல் கார்டு விண்ணப்பத்துக்கு உதவுவதுதான் அவள் வேலை. நாற்பது வயது இருக்கும், எந்நேரமும் வாயில் சூயிங்கம். ஆர்வெட்டா விண்ணப்பத்தின் நகலையும் பதில் கடிதத்தையும் அவள் முன்னால் வைத்தாள். நெல்டா படித்துக்கொண்டே வந்தவள், பாதியில் மெல்லுவதை நிறுத்திவிட்டாள்.

"ஹோபார்ட் யாரு?"

"பக்கத்துல இருக்கிறவரு."

"உறவா?"

"இல்ல."

"அவரு பென்ஷனை ஏன் எழுதினீங்க?"

"எங்க வீட்டுலதான சாப்பிடுறாரு."

நெல்டா அந்தத் தாளை ஓரமாகத் தள்ளி வைத்தாள். "சாப்பாட்டை விடுங்க. போன பிப்ரவரியில வரி கட்டினீங்களே, அந்தத் தாள்ல யார் யார் பேரு இருந்துச்சு?"

"என் பேரு."

"உங்க பேரு மட்டுமா?"

"பின்ன? என் சம்பளத்துக்கு நான்தான கட்டணும்."

"தம்பி அவரு வரித் தாள்ல உங்க பேரைப் போட்டிருக்காரா?"

"ஏன் போடுறான்? எனக்கு எழுதத் தெரியாதா?"

"அப்போ உங்க குடும்பத்துல ஒரு ஆளுதான்" என்றாள் நெல்டா. "நீங்க மட்டும். ஒரே கூரையில இருந்தாலும் சரி, ஒரே சட்டியில தின்னாலும் சரி. இந்தக் கார்டுக்குப் பார்க்கிறது வரித் தாளைத்தான். புருஷன், பொண்டாட்டி, வரியில காட்டுற பிள்ளைங்க, அவ்வளவுதான் கணக்கு. உங்களுக்கு அது எதுவும் இல்ல. தம்பி லட்சம் சம்பாதிச்சாலும் உங்க கணக்குல ஒரு டாலர் ஏறாது. பங்க்ல வாங்குற சம்பளத்துக்கு நீங்க வரம்புக்குக் கீழேதான் இருக்கீங்க. நல்லாவே கீழே."

ஆர்வெட்டாவுக்கு முதலில் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது. "அப்போ இத்தனை வாரமும் வீணா?"

"வீணாத்தான். புதுசா எழுதுவோம். கடைசி நாலு சம்பளச் சீட்டு, போன வருஷ வரித் தாள், லைசென்ஸ், இதையெல்லாம் கொண்டு வந்திருக்கீங்களா?"

எல்லாவற்றையும் பழைய மாவுப் பையில் போட்டுக் கொண்டு வந்திருந்தாள். நெல்டா ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றினாள். குடும்ப உறுப்பினர் எண்ணிக்கை என்ற கட்டத்துக்கு வந்ததும் விசைப்பலகையை ஆர்வெட்டா பக்கம் தள்ளினாள். "இதை நீங்களே போடுங்க. உங்க வாக்குமூலம்."

ஒன்று என்ற எண்ணின் மேல் அவள் விரல் நின்றது. எல்பர்ட் இறந்த வருஷம் கூட அவள் தன்னைத் தனியாள் என்று நினைத்ததில்லை. நினைக்க வீட்டில் யாரும் விட்டதில்லை. கண் முன்னால் முடிகள் மிதந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டே எண்ணை அழுத்தினாள்.

வீட்டில் மறைத்து வைக்கத் தெரியாதவள் என்பதால் நகலை மேசை மேலேயே போட்டிருந்தாள். டென்சில் எடுத்துப் படித்தான்.

"ஒண்ணா? என்னக்கா இது? நாங்கல்லாம் செத்துட்டோமா?"

"வரிக் கணக்குப்படிடா. நெல்டா சொன்னா…"

"நெல்டா சொல்லுவா. நான் உன்னை வீட்டை விட்டுத் துரத்திட்டேன்னு ஊரு சொல்லும். பதினோரு வருஷம் வச்சுக் காப்பாத்தினேன். அந்தத் தாள்ல என்னைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல."

"எனக்குக் கண்ணு போகுதுடா."

"ஊசிக்கு நான் காசு கொடுப்பேன்."

"எத்தனைக்குக் கொடுப்ப? மாசாமாசம் போடணும். ரெண்டாவது மாசமே உன் பிக்கப் லாரியை விப்ப, மூணாவது மாசம் வீட்டை விப்ப. அப்புறம் ஆறு பேரும் ஹோபார்ட் கேம்ப்பர்லதான் படுக்கணும்."

ரீபா சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். டென்சில் சிரிக்கவில்லை. ஒரு வாரம் அக்காவிடம் பேசவில்லை. தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனான். வீம்பு பிடித்த ஆம்பிளையைப் போல வீட்டுக்குப் பாரம் வேறெதுவும் இல்லை, அவன் என் சிநேகிதன்தான் என்றாலும் சொல்லத்தான் வேண்டும். ஆர்வெட்டா சமாதானம் பேசப் போகவில்லை. அவள் சம்பளச் சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அடுத்து வந்த கடிதத்தில், செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் நடுவில் அதிகாரி ஒருவர் தொலைபேசியில் விசாரிப்பார் என்று இருந்தது. இரண்டு விண்ணப்பங்களும் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றனவாம். அழைப்பை எடுக்காவிட்டால் விண்ணப்பம் முடித்து வைக்கப்படுமாம். எங்கள் பள்ளத்தாக்கில் செல்போன் சிக்னல் கிடைக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான், மலை மேலிருக்கும் ஸ்லோன் குடும்பத்துக் கல்லறை. அங்கேயும் எல்லா இடத்திலும் இல்லை. எல்பர்ட்டின் கல்லுக்கு வலது பக்கம் மூன்றடி தூரத்துக்குள்தான். இளசுகள் காதல் பேசுவதும் அங்கேதான். செத்தவர்களுக்கு எல்லா விஷயமும் தெரியும்.

செவ்வாயன்று பங்கில் லீவு சொல்லிவிட்டு, மடக்கு நாற்காலியும் மாவுப் பையுமாக ஒன்பதரைக்கே ஏறிவிட்டாள். வலது பக்கம் கால் வைக்கும் இடம் சரியாகத் தெரியாததால் வழியில் இரண்டு தடவை விழுந்தாள். முழங்கால் சிராய்ப்போடு எல்பர்ட்டுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"பேசாம இரு. முக்கியமான போன் வருது" என்று அவனிடம் சொன்னாள்.

பதினொன்றரைக்கு மணி அடித்தது. சளி பிடித்த குரலில் ஒருவர் பேசினார். மரியாதையான ஆள்தான், ஆனால் சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவர்.

"அம்மா, முதல் விண்ணப்பத்துல ஆறு பேரு. ரெண்டாவதுல நீங்க மட்டும். நடுவுல அஞ்சு வாரம்தான். மத்த அஞ்சு பேரும் எங்க போனாங்க?"

"எங்கயும் போகல. சாயங்காலம் ஆறு மணிக்குச் சாப்பிட வருவாங்க. பீன்ஸ் ஊறப் போட்டிருக்கேன்."

"நீங்க தனியா வீடு மாறிட்டீங்களா?"

"இல்ல. அதே வீடு. அதே கட்டில்."

"அப்போ எந்தத் தாள் உண்மை?"

"ரெண்டும்தான். முதல் தாள்ல என் வீட்டைக் கேட்டீங்கன்னு நினைச்சேன், வீட்டைச் சொன்னேன். வரிக் கணக்கைத்தான் கேட்கிறீங்கன்னு அப்புறம் தெரிஞ்சுது, அதைச் சொல்லியிருக்கேன். பொய் சொல்லணும்னா ரெண்டாவதுல வேற விலாசம் எழுதியிருப்பேனே, சார். யோசனை சொல்லவும் ஆளு இருந்தாங்க."

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. "உங்க தம்பி இருக்காரில்ல, அவரு வரியில உங்களைக் காட்டலைன்னு அவரே உறுதி சொல்லணும். எழுதி அனுப்பலாம், அதுக்கு இன்னும் மூணு வாரம் ஆகும். பக்கத்துல இருந்தா இப்பவே பேசலாம். இருக்காரா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். டென்சில் வேலி ஓரமாகப் புல் வெட்டும் கருவியோடு நின்றுகொண்டிருந்தான். அக்டோபரில் அங்கே வெட்டுகிற அளவுக்குப் புல் இல்லை. ஷிப்டை விட்டுவிட்டு எப்போது ஏறி வந்தானோ, எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டு நிற்கிறானோ தெரியாது. அவள் ஒன்றும் கெஞ்சவில்லை. போனை நீட்டினாள். அவன் எல்பர்ட்டின் கல்லைச் சுற்றிக்கொண்டு வந்து வாங்கினான்.

"ஐயா, ஆர்வெட்டா ஸ்லோன் உங்க ஆதரவுல இருக்காங்களா? அவங்க செலவை நீங்க பார்க்கிறீங்களா?"

ஆமாம் என்ற சொல் அவன் நாக்கு நுனி வரை வந்ததை அவள் பார்த்தாள். பதினோரு வருஷமாக முடிவெட்டும் கடையிலும் தேவாலயத்து வாசலிலும் அவன் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில் அது. அதைச் சொல்லிவிட்டால் விசாரணை எந்தப் பக்கம் போகும் என்று அவளுக்குத் தெரியாது. அவன் போனை மறு காதுக்கு மாற்றினான்.

"இல்ல சார்" என்றான். "நான் வரியில காட்டல. அது மட்டுமில்ல, செலவும் பார்க்கல. அவ தின்னதுக்கு மேல அவ கொடுத்திருக்கா. நான் வச்சுக் காப்பாத்துறேன்னு வெளிய சொல்லிக்கிட்டுத் திரிஞ்சது பொய். என் அக்கா அவ சொந்தக் கால்லதான் நிக்கிறா."

சொல்லி முடித்தபோது அவன் முகம் கழுத்து வரை சிவந்திருந்தது. அவ்வளவு கஷ்டப்பட்டு ஒரு மனிதன் உண்மை சொல்லி நான் கேள்விப்பட்டதில்லை. அதிகாரி நன்றி சொன்னார், எழுத்தில் முடிவு வரும் என்றார், வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கும் கடிதம் வரும், அதைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள் என்றும் சொன்னார்.

"குப்பையிலயா? கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டுவேன்" என்றாள் ஆர்வெட்டா.

இறங்கும்போது டென்சில் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவளுடைய வலது பக்கமாக நடந்தான். அக்காவுக்கு அந்தப் பக்கம் தெரியவில்லை என்பது அவனுக்கு அப்போதுதான் புரிந்தது.

பன்னிரண்டாம் நாள் கார்டு வந்தது. லெக்சிங்டனில் தேதி கிடைக்க மேலும் இரண்டு வாரம். டென்சில்தான் தன் பிக்கப் லாரியில் கூட்டிக்கொண்டு போனான். வழியெல்லாம் கார்டு பத்திரமா, கார்டு பத்திரமா என்று கேட்டுக்கொண்டே வந்தான். டாக்டர் ஒரு இளம் பெண். இரண்டு கண்ணையும் விளக்குப் போட்டு நிதானமாகப் பார்த்தாள். நாற்காலியை இழுத்து எதிரில் உட்கார்ந்துகொண்டாள்.

"இடது கண்ணைக் காப்பாத்திடலாம்மா. மாசாமாசம் தவறாம வரணும். வலது கண்ணுல…" அவள் விளக்கைத் தள்ளி வைத்தாள். "போனது போனதுதான். இதுக்கு மேல மோசமாகாம பார்த்துக்கலாம். ரெண்டு மாசம் முன்னாடி வந்திருந்தா அதையும் காப்பாத்தியிருக்கலாம்."

டென்சில் சுவரோரமாக நின்றிருந்தான். தொப்பியைக் கழற்றி இரண்டு கையாலும் கசக்கினான். "நான் ஒரு வாரம் வீம்பு பிடிச்சு நின்னேன்" என்றான். "அந்த முதல் தாளைச் சரியா எழுதியிருந்தா… நாங்கல்லாம் அந்தத் தாள்ல இல்லாம இருந்திருந்தா…"

"முதல் தாளைச் சரியாத்தான் எழுதினேன்" என்றாள் ஆர்வெட்டா.

ஆம்பிளை ஆஸ்பத்திரியில் நின்று விம்மினான். ஆர்வெட்டாவுக்கும் வலது கண்ணுக்காக அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதை விழுங்கிவிட்டு, நாற்காலியில் சாய்ந்து, தலையைப் பின்னால் வைத்து, இடது இமையைத் தன் விரலாலேயே அகலப் பிடித்தாள்.

"அவன் அழுது முடிக்க நேரம் ஆகும். நீங்க ஊசியை எடுங்க, டாக்டர்."